கோமான் மேசையும் மதலேனாளின் ஓலையும்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோழிக்குழம்பு வைத்து, மனுசி தட்டைக் கையில் எடுத்தாளோ இல்லையோ, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். எப்படித்தான் மோப்பம் பிடித்து வருவார்களோ, சரியாகச் சோத்து நேரத்துக்கு வந்து நிற்பார்கள்.

"மதலேனக்கா, இருக்கீகளா? ஓலை எழுதணும்."

"இருக்கேன், இருக்கேன். நான் எங்கன போகப் போறேன்" என்று உள்ளேயிருந்தே சத்தம் கொடுப்பாள் மதலேனாள். தட்டை மூடி வைத்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவதற்குள் ஒரு வேன் ஜனம் கூடத்தில் நிறைந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டார், பொண்ணு வீட்டார், ரெண்டு பக்கத்துக்கும் ஒட்டாத ஒரு மாமா, மூக்கொழுகும் பிள்ளைகள். ஒருத்தராவது 'சாப்பிட்டீகளாக்கா' என்று கேட்டதுண்டா? எல்லார் கண்ணும் மேசை மேல்தான் இருக்கும்.

சின்னமனூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கிறது செபஸ்தியார்பட்டி. ஊர் முழுக்க வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். கல்யாணம் பேசி முடித்தால் கோயிலில் மூணு ஞாயிறு அறிவிப்பு வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று. அதற்குப் பேர்தான் ஓலை. மற்ற ஊர்களில் நேரே சாமியார் ஆபீசுக்குப் போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆகாது. முதலில் மதலேனாள் வீட்டுக் கோமான் மேசையில் வைத்து, மதலேனாள் கையால் எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் சாமியாரே.

அந்த மேசையில் எழுதின ஓலை முறிந்ததே இல்லையாம். சொல்கிறார்கள். மேலத்தெரு ஜோடி ஒன்று தேனி கோர்ட்டில் போய் நிற்கிறதே என்று கேட்டால், "அது அன்னைக்கு மழை பேஞ்சுச்சு, காகிதம் நனைஞ்சு போச்சு" என்பார்கள். இந்த வாய்க்கு என்ன பதில் சொல்ல?

மேசை வந்த கதை ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முந்தின நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரான்சு தேசத்திலிருந்து ஒரு சாமியார் இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா அங்கே ஒரு பிரபு, ராஜா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட வம்சம் என்று பேச்சு. ஊர்க்காரர்கள் அவரைக் கோமான் சாமி என்றார்கள். கோட்டை, குதிரை, சொத்து, சுகம் எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்த மனுசனுக்கு இந்த மேசையை மட்டும் துறக்க மனசு வரவில்லை. கப்பலில் ஏற்றி, ரயிலில் ஏற்றி, கடைசியில் மாட்டுவண்டி கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அந்தப் புண்ணியவான் வழியிலேயே கடலில் தள்ளியிருக்கக் கூடாதா என்று மதலேனாள் நினைக்காத நாள் கிடையாது. சாகும்போது அவர் அதைத் தன்னுடைய உபதேசியாருக்குக் கொடுத்தார். பூசைக்கு ஆள் கூட்டுவது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, ஓலை எழுதுவது எல்லாம் உபதேசியார் வேலை. அந்த உபதேசியார் மதலேனாளின் தாத்தா. அவருக்குப் பிறகு அதே வேலைக்கு அப்பா வந்தார். அப்பாவுக்குப் பிறகு உபதேசியார் என்று யாரும் இல்லை, மேசையும் மதலேனாளும்தான் மிச்சம்.

மேசை என்றால் நாலு கால், ஒரு பலகை என்று நினைத்துவிடாதீர்கள். ரெண்டு பேர் படுத்துப் புரளலாம், அவ்வளவு அகலம். வளைந்த கால், காலுக்கு அடியில் சிங்கப் பாதம். கடை ஷட்டர் போல மடங்கி மேலே ஏறுகிற மரமூடி. அதைத் திறந்தால் குட்டிக் குட்டி அறைகள். பக்கவாட்டில் கலர் கலரான மரத்தை வெட்டிப் பதித்த பூங்கொத்து. முன்னால் ஒரு கிரீடமும் மூணு பறவையும் போட்ட வம்ச முத்திரை. நாலு மூலையிலும் பித்தளையில் நாலு பெண்கள், இடுப்புக்கு மேலே பொட்டுத் துணி இல்லாமல். உபதேசியார் வீட்டில் இப்படி நாலு பேர் நிற்கலாமா? அம்மா அந்தக் காலத்திலேயே நாலு பேருக்கும் சின்னதாய் ரவிக்கை தைத்து மாட்டிவிட்டாள். அம்மா போனபிறகு அந்த வேலையும் மதலேனாள் தலையில். கிறிஸ்துமஸுக்கு இவளுக்குப் புதுச்சேலை உண்டோ இல்லையோ, அந்த நாலு பேருக்கும் புது ரவிக்கை உண்டு.

ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டபோது அப்பா மேசையை நகர்த்தவே விடவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடி, அதைச் சுற்றியே தூண் எழுப்பி, சுவர் கட்டி, கடைசியில் மூணடி வாசல் வைத்தார் கொத்தனார். ஆக, மேசை உள்ளே, வாசல் சின்னது. சுவரை உடைத்தால்தான் வெளியே வரும். வீட்டில் இருப்பதே ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டும்தான். கூடம் மேசைக்கு, மதலேனாளுக்குச் சமையற்கட்டு. கேஸ் அடுப்புக்கு நேர் கீழே தலை வைத்துப் படுக்கிற மனுசியை இந்த ஜில்லாவில் வேறெங்கும் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் அவள் வெட்டியாக உட்கார்ந்திருக்கிற ஆளில்லை. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அரிசி இறங்கினதா, முட்டை அழுகலா, சமையல்காரம்மா லீவா, எல்லாம் இவள்தான் பார்க்க வேண்டும். வயசு நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் அதற்கும் மேசைதான் காரணம். இருபத்திரண்டு வயசில் நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் வாத்தியார். எல்லாம் கூடி வரும்போது பையனுடைய அம்மா, "பொண்ணோட அந்த மேசையையும் அனுப்புங்க" என்றாள். அப்பா எழுந்து நின்று, "பொண்ணுன்னா தாரேன், மேசை தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஊரே அதைப் பெருமையாகப் பேசியது. உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மதலேனாளுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்புறம் அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு நெஞ்சுவலி, தம்பி ஜோவுக்குப் படிப்பு. வருஷம் ஓடிவிட்டது.

இப்போது, இந்த வயசில், ஆள் வந்தது. ஜெயமங்கலத்துப் பீட்டர்ராஜ். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், பெரியகுளத்தில் கடை வைத்திருக்கிறார். பெண்டாட்டி இறந்து ஆறு வருஷம். பள்ளிக்கூடத்து மோட்டார் புகைந்துபோனபோது கழற்ற வந்தவர், மாட்ட வந்தவர், சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தவர், அப்புறம் மோட்டார் நன்றாக ஓடும்போதும் வந்தார். ஒருநாள், "நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். அவ்வளவுதான் காதல். இதற்கு மேல் என்ன வேண்டும் ஒரு மனுசிக்கு?

"எங்க வீட்ல ஒரு மேசை இருக்கு" என்று முதலிலேயே சொல்லி வைத்தாள்.

"இருந்துட்டுப் போகுது. நீங்க மட்டும் வாங்க" என்றார் பீட்டர்ராஜ்.

மதலேனாளுக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். மூணு ஓலையும் வாசித்து முடிந்து, ஜெயமங்கலம் போய், ஒரு மனுசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடாகச் சோறு சாப்பிட வேண்டும்.

கோயம்புத்தூரில் இருக்கிற ஜோவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள். சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள்.

"அப்ப மேசை?" என்றான்.

மறுநாள் ஊர்ப் பெரியதனம் சவரிநாயகம் பால் வாங்கப் போகிற வழியில் நின்று, "நல்ல காரியம் ஆத்தா. அப்ப மேசைய யாரு பாத்துக்குவா?" என்றார். பந்தலில் மருந்தடித்துக்கொண்டிருந்த பையன் ஸ்பிரேயரை நிறுத்திவிட்டு அதையே கேட்டான். ரேஷன் கடை வரிசையில் அதே கேள்வி. மாவு மில்லில் அதே கேள்வி. மாப்பிள்ளைக்கு என்ன பேர், என்ன ஊர், குடிப்பாரா, அடிப்பாரா, ஒரு நாதியும் கேட்கவில்லை. "ஏன், மேசைக்குக் காலு இருக்குல்ல, அதுவா நடந்து எங்கயாச்சும் போகட்டும்" என்று மில்லில் கத்திவிட்டாள். மாவு அரைத்த பெண் பயந்து சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜோ சும்மா இருக்கவில்லை. அக்கா போவதென்றால் போகட்டும், மேசையை விற்றுவிடலாம் என்று குமுளிப் பக்கமிருந்து பழைய சாமான் வாங்குகிற ஒரு மலையாளத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். கூடவே சவரிநாயகமும் ஊர்க்காரர்கள் பாதிப்பேரும் வந்துவிட்டார்கள். மதலேனாளுக்கு அன்றைக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தொலையட்டும், சுவரை உடைத்தாவது தூக்கிக்கொண்டு போகட்டும் என்று எல்லாருக்கும் டீ போட்டாள்.

வந்தவர் மேசையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நெஞ்சில் கைவைத்து நின்றார். மண்டியிட்டுச் சிங்கப் பாதத்தைத் தடவினார். முத்திரையை டார்ச் அடித்துப் பார்த்தார். "இது பெரிய வீட்டு சாதனமாக்கும்" என்று முனகினார். ஜோவின் முகம் மலர்ந்தது. அப்புறம் அவர் ஒரு மூலைக்குப் போய், அங்கே நின்ற பெண்ணின் ரவிக்கையை மெல்ல அவிழ்த்தார். சவரிநாயகம் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஐயோ, சேச்சி! இதெல்லாம் யாரு தேச்சது?"

"நான்தான்" என்றாள் மதலேனாள். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். பத்து வயசிலிருந்து அவள் வேலை அது. வருஷா வருஷம் திருநாளுக்குக் கொடியேற்றுவதற்கு முன்னால், பித்தளை அத்தனையையும் புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நார் வைத்து, கோயில் குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரித் துலக்கிவிடுவாள். புளிக்காடி பட்டு விரலெல்லாம் வெடிக்கும். ஆனால் பளபளவென்று ஆகிவிடும். ஊரே வந்து பார்த்து, 'பரவால்ல, பளிச்சுன்னு இருக்கு' என்றுவிட்டுப் போகும்.

மலையாளத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இது பித்தளையில்லா சேச்சி. வெங்கலம். அதுக்கு மேல பொன்னு பூசினது. அசல் பொன்னு. அந்தப் பொன்னுக்காக்கும் இதுக்கு மதிப்பு." சந்து பொந்தில், நார் நுழையாத ஒரு மடிப்பில், மஞ்சளாய் ஒரு கீற்று மிச்சம் இருந்தது. அதை மட்டும் காட்டினார். மற்றதெல்லாம் புளித்தண்ணீரோடு சாக்கடையில் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு வேண்டாம் என்று சொல்லி, ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, ரவிக்கையை மறுபடி மாட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுசர், அதையாவது செய்தார்.

ஜோ குதித்தான். "ஏன்க்கா, உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? முப்பத்தஞ்சு வருஷமா தங்கத்தத் தேச்சுச் சாக்கடையில விட்டிருக்க!"

"ஏலே, வாய மூடு!" அவள் போட்ட சத்தத்தில் ரவிக்கை போட்ட நாலு பேரும் நடுங்கியிருப்பார்கள். "தேக்கச் சொன்னது யாரு? நானா ஆசைப்பட்டுத் தேச்சேன்? நீ டவுசர் போட்டுக்கிட்டு பந்தல்ல திராட்சை திருடிட்டுத் திரிஞ்சப்ப, நான் இங்கன உக்காந்து வெரலு வெடிக்கத் தேச்சேன்ல. ஒரு வருஷம் நீ நாரைத் தொட்டிருப்பியா? தங்கம்னு உனக்கு முன்னாடியே தெரியுமா? பேச வந்துட்டான் பெருசா!"

ஜோ அடங்கிவிட்டான். ஆனால் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விற்காமல் போனதில் அப்படி ஒரு சந்தோஷம். மேசை நம்ம ஊரிலேயே இருக்கப்போகிறது, அதனால் மதலேனாளும் இருக்கத்தானே வேண்டும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். சவரிநாயகம் பீட்டர்ராஜுக்கே போன் போட்டு, "தம்பி, நீங்க இங்கன வந்து வீட்டோட இருந்துக்கங்களேன், ஊருக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். கடை பெரியகுளத்தில் இருக்கிறதே ஐயா என்று அவர் சொன்னதற்கு, "கடைய மாத்திக்கலாம், மேசைய மாத்த முடியாதுல்ல" என்றாராம். இதைக் கேட்டபிறகு மதலேனாளுக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். தன் கல்யாண ஓலையை மேசையில் வைத்து எழுதவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்தில், குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது, காலி முட்டை அட்டையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதினாள். மேடு பள்ளத்தில் பேனா இறங்கி ஏறி எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. எழுதி முடித்து நேரே சாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். சாமியார் திண்டுக்கல் பக்கத்து இளவட்டம், ஊருக்கு வந்து நாலு மாசம்தான். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. ரெண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்த வாரத்தில் சமையல்காரம்மா வாய் வழியாக முட்டை அட்டைக் கதை வெளியே வந்துவிட்டது. ஊரில் கசமுசா ஆரம்பித்தது. மதலேனாள் காதில் வாங்கவில்லை. சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், இன்னும் ஒரே ஞாயிறுதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூணாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. ஜோவும் வந்திருந்தான். அன்றைக்கு வாசிக்க ரெண்டு ஜோடிகளின் ஓலை இருந்தது. சாமியார் மதலேனாளின் ஓலையை முதலில் வாசித்தார். "ஜெயமங்கலம் பங்கைச் சேர்ந்த பீட்டர்ராஜுக்கும், நம் பங்கைச் சேர்ந்த மதலேனாளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை." வழக்கமாக இதற்குப் பின்னால் யாரும் இருமக்கூட மாட்டார்கள். எத்தனை தலைமுறையாக வாசிக்கிறார்கள், ஒருத்தர் வாய் திறந்ததில்லை.

சவரிநாயகம் எழுந்து நின்றார். "தடை இருக்கு சாமி."

சாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பாவம், செமினரியில் இதையெல்லாம் படித்திருப்பார், கண்ணால் பார்த்திருக்க மாட்டார். "என்ன தடை? அவருக்கு வேற கல்யாணம் ஏதும்..."

"சேச்சே, அதெல்லாம் இல்ல சாமி. மாப்பிள்ளை தங்கமானவரு. ஓலை கோமான் மேசையில எழுதல. முட்டை அட்டையில வச்சு எழுதியிருக்காக. எங்க ஊர் வழக்கத்துல இல்லாதது. இப்படி எழுதுனா நிலைக்காது. அந்தப் புள்ள நல்லதுக்குத்தான் சொல்றோம். அவுகளும் மாப்பிள்ளையும் இங்கனயே இருந்து, மேசையில முறையா எழுதட்டும். ஊரே கூடிச் செஞ்சு வைக்கிறோம்." ஆண்கள் பக்கமிருந்து ஆமா ஆமா என்று குரல் வந்தது. ஜோவின் குரலும் அதில் இருந்தது.

மதலேனாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்து நின்றாள். கோயில் என்றும் பார்க்கவில்லை, நற்கருணை முன்னால் என்றும் பார்க்கவில்லை.

"ஆமா சாமி, முட்டை அட்டையிலதான் எழுதுனேன். இந்தக் கோயில்ல இருக்குற பாதிப் பேரு ஓலைய அந்த மேசையில நான்தான் எழுதுனேன். சோறு ஆற ஆற எழுதுனேன். காய்ச்சல்ல கெடந்தப்பவும் எந்திரிச்சு வந்து எழுதுனேன். இப்ப நான் போறேன்னதும் மேசைய யாரு பாப்பான்னு அம்புட்டுப் பேரும் கேட்டீக. நாப்பத்தாறு வயசு வரைக்கும் மதலேனாள யாரு பாப்பான்னு ஒரு ஆளு கேட்டீகளா?" குரல் உடைந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சரி, விடுங்க. இப்பக் கேக்குறேன். மேசைய விடுங்க, ஓலைய விடுங்க. 'நீ போயிட்டா எங்களுக்குக் கஷ்டமா இருக்கும் மதலேனா'ன்னு ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு மனசாரச் சொல்லுங்க. இந்த ஓலைய இங்கனயே கிழிச்சுப் போட்டுட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. இதுகள்பாட்டுக்கு யாராவது சொல்லித் தொலைத்துவிட்டால்? பீட்டர்ராஜ் அங்கே ஜெயமங்கலத்துக் கோயிலில் இதே மூணாம் ஓலையைக் கேட்க வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். சொல்லிவிடக் கூடாது என்று பயந்தாள். அதே மனசின் இன்னொரு மூலையில், யாராவது சொல்ல மாட்டார்களா என்றும் இருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் இருந்தது.

கோயிலில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. போன தை மாசம் ஓலை எழுதின பெண் மடியிலிருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். ஜோ தன் கைக்கடிகாரத்தைத் திருகினான். சாமியார் யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று பரிதாபமாக ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த சவரிநாயகம் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"அப்ப," என்றார் அவர், "வீட்டுச் சாவிய யாருகிட்டக் குடுத்துட்டுப் போவ ஆத்தா?"

மதலேனாள் அவரையே பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது. அதைத் துடைக்காமலே பீடத்தின் பக்கம் திரும்பினாள்.

"சாமி, நீங்க அடுத்த ஓலைய வாசிங்க" என்றுவிட்டு உட்கார்ந்தாள்.